டாக்டர் ஆக வேண்டும் என்றால் பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப்? மேத்ஸ் இல்லாமல் முடியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 500க்கு 448, அதில் அறிவியல் 97, கணிதம் 76. டாக்டர் ஆக வேண்டும் என்கிறாள், கணிதம் பிடிக்காததால் ப்யூர் சயின்ஸ் கேட்கிறாள். அவள் அப்பாவோ பயோ-மேத்ஸ் தவிர எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். தாய்மாமா நாமக்கல் பக்கம் ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம், நீட் கோச்சிங்கும் அங்கேயே கிடைக்கும் என்கிறார். இது போதாதென்று, கம்ப்யூட்டர்-மேத்ஸில் பிளஸ் டூ முடித்த அக்கா பையனுக்கும் இப்போது டாக்டர் ஆசை வந்திருக்கிறது, அவனுக்கு வழி உண்டா என்று கடைசியில் ஒரு வரி.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன். அதனால் என் பேச்சில் இயற்பியல் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் வீட்டில் நடக்கிற வழக்கைத் தீர்த்துவிடலாம். எம்.பி.பி.எஸ். சேர பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வேண்டியது இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம். உயிரியலுக்குப் பதில் பயோடெக்னாலஜி இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். ப்யூர் சயின்ஸில் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாக இரண்டு தாள் வருமே, அந்த இரண்டும் சேர்ந்தால் உயிரியல் கணக்கு. இந்தப் பாடங்களில் தனித்தனியாகத் தேறியிருக்க வேண்டும், அறிவியல் பாடங்கள் மூன்றும் சேர்த்துப் பொதுப்பிரிவினருக்கு 50 சதவீதம், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம் இருக்க வேண்டும், சேருகிற ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பாடத் தகுதி என்று பார்த்தால் இவ்வளவுதான். பயோ-மேத்ஸ், ப்யூர் சயின்ஸ், பயாலஜியோடு கம்ப்யூட்டர் சயின்ஸ், மைக்ரோபயாலஜி சேர்ந்த குரூப், எதில் படித்தாலும் நீட் விண்ணப்பத்தில் எல்லோரும் ஒன்றுதான். பயோ-மேத்ஸ் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கூடுதல், ப்யூர் சயின்ஸ் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் குறைச்சல் என்றெல்லாம் எங்கேயும் இல்லை.

ஆனால் அவள் அப்பா சொல்வதில் அர்த்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் தலைமுறைக்கு ஒரு பழைய கணக்கு மண்டையில் உட்கார்ந்திருக்கிறது. 2017க்கு முன் தமிழ்நாட்டில் மெடிக்கல் கட்-ஆஃப் 200க்கு. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சீட். 2017 முதல் அது போய்விட்டது. இப்போது தரவரிசை முழுக்க நீட் மதிப்பெண்தான், பிளஸ் டூ மதிப்பெண் வெறும் தகுதிக்கு. 2020 முதல் எய்ம்ஸ், ஜிப்மர்கூடத் தனித் தேர்வை விட்டுவிட்டு நீட் வழியாகத்தான் எடுக்கின்றன, வேலூர் சி.எம்.சி.யும் அப்படியே. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு இங்கே வந்து தொழில் செய்ய வேண்டும் என்றாலும் நீட் தேறியிருக்க வேண்டும். ஆகவே "குரூப் எதுவா இருந்தா என்ன, ஃபாரின்ல சேத்துக்கலாம்" என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நீட்டே போய்விட்டால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்பார்கள். விலக்கு கேட்டு 2021-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை என்பதை 2025 ஏப்ரலில் முதலமைச்சரே அவையில் சொன்னார். நாளைக்கு என்ன ஆகும் என்பது அரசியல். ஆனால் நீட் இருந்தாலும் போனாலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற மூன்று பாடம் மாறப்போவதில்லை, அதனால் குரூப் தேர்வுக்கு இந்த விவாதமே தேவையில்லை.

சரி, எல்லாக் குரூப்பும் ஒன்று என்றால் எதை வைத்து முடிவு செய்வது? இரண்டு விஷயங்களை வைத்து. ஒன்று, இயற்பியலுக்கு எவ்வளவு நேரமும் தெம்பும் மிஞ்சும். இரண்டு, மெடிக்கல் கிடைக்காவிட்டால் பிள்ளை எங்கே போவாள். இரண்டாவதைப் பேச வீட்டில் யாருக்கும் வாய் வராது, அபசகுனம் மாதிரி நினைப்பார்கள். ஆனால் குரூப் தேர்வே பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். நீட் 720 மதிப்பெண்ணுக்கு. 180 கேள்வி, 180 நிமிடம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். உயிரியலில் 90 கேள்வி, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 45. அதாவது பாதி மதிப்பெண் உயிரியலில். இதைப் பார்த்துவிட்டு "அப்போ பயாலஜி நல்லா வந்தா போதும்" என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். அங்கேதான் சறுக்குகிறார்கள். நன்றாகத் தயாராகி வருகிற எல்லோருக்கும் உயிரியல் நன்றாக வருகிறது. பாடநூலை வரி வரியாகப் படித்தவர்கள் 360க்கு 300-ஐத் தாண்டிப் போகிறார்கள். அந்த வரிசையில் ஒருவரிடமிருந்து இன்னொருவரைப் பிரிப்பது இயற்பியல். 2024-இல் 720க்கு 720 வாங்கியவர்களே பலர், அடுத்த ஆண்டு முதலிடமே 686தான். 2025 தேர்வு முடிந்து வெளியே வந்த பிள்ளைகளைக் கேட்டால் இயற்பியல் தாளைத்தான் திட்டினார்கள், தெரிந்த கணக்குக்கே நேரம் போதவில்லை என்று.

அப்படியானால் இயற்பியலுக்காகவாவது மேத்ஸ் எடுக்க வேண்டாமா? நியாயமான கேள்வி. நீட் இயற்பியலுக்குக் கணிதம் வேண்டும். ஆனால் எந்தக் கணிதம் என்று பாருங்கள். பிளஸ் டூ கணிதப் புத்தகம் இரண்டு தொகுதி, 12 அத்தியாயம்: அணிகள், கலப்பெண்கள், சமன்பாட்டியல், நேர்மாறு முக்கோணவியல், பகுமுறை வடிவியல், வெக்டர், நுண்கணிதப் பயன்பாடுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவுப் பரவல், தனிநிலைக் கணிதம் என்று போகும். இதில் பெரும்பகுதி நீட் பக்கமே வராது. கலப்பெண்ணும் அணியும் தெரியாமலே நீட் இயற்பியலில் முழு மதிப்பெண் வாங்கலாம்.

வேண்டியது வேறு மாதிரி. ஓர் எடுத்துக்காட்டு: தனி ஊசலின் நீளத்தை 2 சதவீதம் கூட்டினால் அலைவு நேரம் எவ்வளவு கூடும்? அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, வர்க்கமூலம் என்றால் அடுக்கு அரை, அதனால் 2-இல் பாதி, 1 சதவீதம். பத்து வினாடி வேலை. இதையே வாய்ப்பாட்டில் எண்களைப் போட்டுப் பெருக்கி வகுத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போய்விடும். இன்னொன்று, வேதியியலிலிருந்து: 0.002 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.ஹெச். என்ன? 2-இன் மடக்கை மதிப்பு 0.301 என்பது மனதில் இருந்தால் 3-இலிருந்து அதைக் கழித்து 2.7 என்று அப்படியே குறித்துவிட்டுப் போகலாம். தேர்வறையில் கால்குலேட்டரும் கிடையாது, மடக்கை அட்டவணையும் கிடையாது. இன்னும் ஒன்று: ஒரு பொருள் கடந்த தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் போல 3 மடங்கு என்று கொடுத்து 4-ஆம் வினாடியில் வேகம் கேட்டால், வகையிட்டு நேரத்தைப் போல 6 மடங்கு, ஆக 24 என்று வர வேண்டும்.

அதாவது தோராயமாக்கல், அடுக்குகள், மடக்கை, சைன்-கொசைன் மதிப்புகள், வெக்டரைக் கூறாகப் பிரிப்பது, எளிய வகையிடல், எளிய தொகையிடல், ஒரு வரைபடத்தின் சாய்வும் அதன் கீழுள்ள பரப்பும் எதைச் சொல்கின்றன என்ற புரிதல். அவ்வளவுதான். நம் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தின் இரண்டாம் அலகிலேயே வெக்டரும் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் தொடக்கத்திலிருந்து கொடுத்திருக்கிறார்கள், கணிதம் படிக்காத பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதியது போல இருக்கும். சோகம் என்னவென்றால் பல வகுப்புகளில் "இதெல்லாம் மேத்ஸ்ல வரும்" என்று அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுகிறார்கள். மேத்ஸே இல்லாத ப்யூர் சயின்ஸ் வகுப்பிலும் தாண்டுகிறார்கள்! உங்கள் மகள் கணிதம் எடுக்கவில்லை என்றால் ஜூன், ஜூலை இரண்டு மாதம் தினம் ஒரு மணி நேரம் இந்தப் பக்கங்களுக்கு மட்டும் ஒதுக்கட்டும். அதற்கு யாராவது ஒரு மேத்ஸ் டீச்சர் கிடைத்தால் நல்லது, சிலபஸ் நடத்தச் சொல்லாமல் இந்த ஏழெட்டுச் சங்கதியை மட்டும் நடத்தச் சொல்லுங்கள். இதைச் செய்த ப்யூர் சயின்ஸ் பிள்ளை, கணிதப் பாடத்தை மனப்பாடமாக ஓட்டுகிற பயோ-மேத்ஸ் பிள்ளையைவிட இயற்பியலில் நன்றாகவே செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பயோ-மேத்ஸ் எடுத்தால் கணிதம் கேட்கிற விலை நேரம். பொதுத்தேர்வில் அது 100 மதிப்பெண் பாடம், பயிற்சிக் கணக்குகளுக்கு முடிவே கிடையாது, ட்யூஷன் போகிற பிள்ளைகளுக்கு வாரத்தில் பாதி மாலை அதற்கே போய்விடும். கணிதம் சரளமாக வருகிற பிள்ளைக்கு இது சுமையாகத் தெரியாது, அவர்களுக்கு அது இயற்பியலுக்கு உரம். கணிதம் என்றாலே வயிற்றைப் பிசைகிற பிள்ளைக்கு நீட்டுக்கான நேரத்தில் கால்வாசியை அது தின்றுவிடும், கூடவே "நான் படிப்பில் மோசம்" என்ற நினைப்பையும் கொண்டுவரும். பத்தாம் வகுப்பில் 76 என்பது மோசமான மதிப்பெண் இல்லை, ஆனால் மற்ற பாடங்களோடு வைத்துப் பார்த்தால் எங்கே மனம் இல்லை என்று அது சொல்லிவிடுகிறது.

இப்போது அவள் அப்பாவின் கட்சிக்கு வருகிறேன். கணிதம் இல்லாவிட்டால் எந்தக் கதவு மூடும்? முதலாவது, பொறியியல். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் உட்பட தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணிதம் இல்லையென்றால் அந்த வரிசையிலேயே நிற்க முடியாது. பெயரில் "பயோ" இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், பி.டெக். பயோடெக்னாலஜி, பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இரண்டுக்கும் இதே கதைதான். பி.ஆர்க்., விமானப்படை விமானி வேலை போன்றவையும் போகும். பி.எஸ்சி. இயற்பியலுக்குக்கூடப் பல கல்லூரிகள் கணிதம் கேட்கும்.

திறந்திருப்பது எவை? கால்நடை மருத்துவம்: மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, உயிரியல், இயற்பியல், வேதியியல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் எடுக்கிறார்கள். பி.எஸ்சி. நர்சிங்கும் இங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான். பி.பார்ம். கணிதம் படித்தவர்களையும் ஏற்கும், உயிரியல் படித்தவர்களையும் ஏற்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம், நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கின்றன. சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி ஆகியவற்றுக்கு நீட் மதிப்பெண் வேண்டும், ஆனால் எம்.பி.பி.எஸ். அளவுக்கு வேண்டியதில்லை. அறிவியல் பட்டப்படிப்பு நடத்துகிற மத்திய அரசின் ஐசர் நிறுவனங்களின் நுழைவுத் தேர்வை உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கில் மூன்று படித்தவர்கள் எழுதலாம். தேர்வில் கணிதக் கேள்விகளும் உண்டு என்பதால் கொஞ்சம் கஷ்டம், ஆனால் கதவு அடைக்கப்படவில்லை.

ஆகவே அவள் அப்பா பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "டாக்டர் சீட் கிடைக்கலன்னா நீ இன்ஜினியரிங் போவியா?" உண்மையான பதில் வர வேண்டும், அப்பா எதிரில் சொல்கிற பதில் வேண்டாம். போவேன் என்றால், அல்லது தெரியலையே என்று இழுத்தால்கூட, பயோ-மேத்ஸ் எடுப்பதில் நியாயம் இருக்கிறது, கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை. மாட்டேன், மாட்டு டாக்டருக்குப் போவேன், நர்சிங் போவேன் என்றால், வராத ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைப்பது போல இரண்டு வருடம் கணிதத்தைச் சுமக்கச் சொல்வதில் பயன் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பொறியைச் சொல்லியே ஆக வேண்டும். பயாலஜியோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்த குரூப் பல பள்ளிகளில் இருக்கிறது. "டாக்டர் கிடைத்தால் டாக்டர், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், இரண்டுக்கும் ஆச்சு" என்று பெற்றோர் மகிழ்ச்சியாகச் சேர்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் குரூப்பில் கணிதம் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருந்தாலும் கணிதம் இல்லாமல் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கலந்தாய்வுக்குப் போக முடியாது. இது தெரிய வருவது இரண்டு வருடம் கழித்து, பொறியியல் விண்ணப்பம் நிரப்பும் மே மாதத்தில். மற்றபடி நீட்டுக்கு அது நல்ல குரூப்தான், கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் ப்யூர் சயின்ஸின் நான்காவது பாடத்தைவிட இலகுவாகப் போகும், மதிப்பெண்ணும் வரும்.

தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் குரூப் என்று ஒன்று உண்டு, பெயரைப் பார்த்து இதுதான் மருத்துவத்துக்கு வழி என்று நினைத்துச் சேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்தக் குரூப்பாக இருந்தாலும் பாடப் பட்டியலில் இயற்பியல், வேதியியல் என்ற இரண்டு பெயரும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் நீட் இல்லை.

ப்யூர் சயின்ஸுக்கும் பயோ-மேத்ஸுக்கும் உயிரியலில் என்ன வித்தியாசம் என்றும் சொல்லிவிடுகிறேன். பயோ-மேத்ஸில் உயிரியல் ஒரே பாடம், தாவரவியலும் விலங்கியலும் அதற்குள் பாதிப் பாதி. ப்யூர் சயின்ஸில் தலா 100 மதிப்பெண்ணுக்குத் தனித்தனி, புத்தகமும் வேறு, விரிவாக இருக்கும், வகுப்பு நேரமும் கூடுதல். இது நீட்டுக்கு நேரடி லாபம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் நீட் உயிரியல் என்.சி.இ.ஆர்.டி. என்ற மத்தியப் பாடத்திட்டப் புத்தகத்தின் வரிகளை ஒட்டித்தான் வருகிறது. நம் மாநிலப் புத்தகம் சில இடங்களில் அதைவிட ஆழம், சில இடங்களில் வேறு வரிசை. எந்தக் குரூப்பில் இருந்தாலும் என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகங்கள் இரண்டையும், பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும், கையில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிய பதிப்பாகப் பாருங்கள். 2024 தேர்விலிருந்து நீட் பாடத்திட்டத்தையே குறைத்துவிட்டார்கள், உயிரியலில் தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம், செரிமானம் போன்ற அத்தியாயங்களும் வேதியியலில் திடநிலை, புறப்பரப்பு வேதியியல் போன்றவையும் போய்விட்டன. அண்ணன் படித்த பழைய கைடை வாங்கி வைத்துக்கொண்டு இல்லாத பாடத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்தது தாய்மாமா சொன்ன யோசனை. இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசப் போகிறேன், மன்னிக்கச் சொல்லுங்கள். வேண்டாம். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்கிறீர்கள். 2020-இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 சதவீத இடஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. நீட் எழுத வேண்டும், ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும், அதனால் இடம் கிடைக்கிற மதிப்பெண் பொதுத் தரவரிசையைவிட நன்றாகவே குறைந்து நிற்கும். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தாலும்கூட. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் இதே 7.5 சதவீதத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். மெடிக்கல் கிடைக்காவிட்டாலும் கால்நடையில் அவளுக்கு அந்தச் சலுகை நிற்கும்.

பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்த்த அன்றே இது அத்தனையும் போய்விடும். ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்தது கணக்கில் வராது. அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றினாலும் போய்விடும், அதையும் பலர் அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் ஆகியவை அரசுப் பள்ளிக் கணக்கில் சேரும். உங்கள் பள்ளியில் வேண்டிய குரூப் இல்லையென்றால் இவற்றுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள், வெளியே போகாதீர்கள். லட்சக்கணக்கில் பணம் கட்டி, கிடைக்கக்கூடிய சலுகையைக் கைவிட்டுவிட்டு, பொதுவரிசையின் பின்னால் போய் நிற்பது எந்த ஊர்க் கணக்கு என்று தாய்மாமாவைக் கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் தங்குவதென்றால் குரூப் பெயரைவிட முக்கியமாக விசாரிக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா? ப்யூர் சயின்ஸ் என்று போர்டில் எழுதியிருக்கும், விலங்கியல் டீச்சர் மாறுதலில் போயிருப்பார், தாவரவியல் டீச்சரே இரண்டையும் இழுத்துக்கொண்டிருப்பார். இயற்பியலுக்கு ஆள் இல்லாமல் பாதி வருடம் ஓடிய பள்ளிகளும் உண்டு. சேர்க்கைக்கு முன்னால் இப்போது பிளஸ் டூ படிக்கிற இரண்டு பிள்ளைகளிடம் பேசுங்கள், தலைமையாசிரியர் சொல்லாததையும் அவர்கள் சொல்வார்கள். ப்யூர் சயின்ஸுக்குச் சரியான ஆசிரியர் இல்லை, பயாலஜி-கம்ப்யூட்டர் குரூப்புக்கு இருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் அதில் சேருங்கள். ஆசிரியர் இருக்கிற குரூப்தான் நல்ல குரூப்.

பிளஸ் ஒன் பாடத்தை நடத்துகிறார்களா என்பதையும் கவனியுங்கள். முன்பு பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடும், அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கைக்குப் பிறகு அது ரத்தாகிவிட்டது. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் குறையும் என்பது சரிதான். ஆனால் நீட் கேள்விகளில் ஏறத்தாழ பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடம். இயற்பியலில் இயக்கவியல், விசைகள், வேலை-ஆற்றல், சுழற்சி, வெப்பஇயக்கவியல், அலைவுகள் எல்லாமே அந்த வருடத்தில்தான். பொதுத்தேர்வு இல்லை என்று அந்த வருடத்தை லேசாக விட்டால் பிளஸ் டூவில் எவ்வளவு ஓடினாலும் பிடிக்க முடியாது.

தமிழ் மீடியம் என்றால் கவலைப்பட வேண்டாம், நீட்டைத் தமிழிலேயே எழுதலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. குழப்பம் வந்தால் ஆங்கில வடிவம்தான் செல்லும். தமிழ் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் பக்கத்திலேயே இருக்கும், அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் படித்து வைப்பது நல்லது. உந்தம் என்று படிக்கும்போதே மொமென்டம் என்றும் பக்கத்தில் எழுதிவைத்தால் போதும், தனியாக மெனக்கெட வேண்டாம்.

ஆக, உங்கள் மகளுக்கு என் யோசனை: இப்போது படிக்கிற பள்ளியிலேயே, ஆசிரியர்கள் இருந்தால் ப்யூர் சயின்ஸ், இல்லாவிட்டால் பயாலஜி-கம்ப்யூட்டர். அந்த இன்ஜினியரிங் கேள்விக்கு அவள் "போவேன்" என்று சொன்னால் மட்டும் பயோ-மேத்ஸ். தயக்கம் தீரவில்லை என்றால் பயோ-மேத்ஸில் சேர்ந்துவிட்டு முதல் சில வாரத்தில் முடிவெடுக்கலாம். வகுப்பு தொடங்கிய புதிதில், இடம் இருந்தால், பள்ளிகள் குரூப் மாற்றித் தருவது வழக்கம். மேத்ஸிலிருந்து ப்யூர் சயின்ஸுக்கு இறங்குவது எளிது, மறுதிசையில் ஏறுவது கஷ்டம். முதல் மாதத்திலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள், தாமதித்தால் மாற்ற மாட்டார்கள்.

கடைசியாக அக்கா பையன். வழி இருக்கிறது. முன்பெல்லாம் உயிரியலை இரண்டு வருடம் முறையாகப் பள்ளியில் படித்திருந்தால்தான் தகுதி என்று இருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக உயிரியலைத் தனிப்பாடமாக எழுதுகிற வழி இருக்கிறது, அங்கே வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கும், செய்முறைத் தேர்வும் உண்டு. அவனிடம் இயற்பியலும் கணிதமும் ஏற்கெனவே இருக்கின்றன, அதாவது மற்றவர்கள் தடுமாறுகிற பகுதி அவன் கையில். இல்லாதது 360 மதிப்பெண் உயிரியல். பதினொன்று, பன்னிரண்டு இரண்டையும் முதலிலிருந்து படித்து முடிக்க ஒரு முழு வருடம் வேண்டும், கல்லூரியில் சேர்ந்துகொண்டே ஓரமாகப் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. இறங்குவதற்கு முன் என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்பு உயிரியலை வாங்கி ஒரு மாதம் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாவர வகைப்பாடும் விலங்குலகத் தொகுதிகளும் கொண்ட முதல் சில அத்தியாயங்களைச் சலிக்காமல் கடந்துவிட்டான் என்றால் திறந்தநிலைப் பள்ளிக்குப் பணம் கட்டட்டும். நீட் விண்ணப்பம் போடும்போது அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் கல்வித் தகுதிக்கு வரிசையாகக் குறியீடுகள் கொடுத்திருப்பார்கள், கூடுதல் பாடமாக எழுதியவர்கள் எதைக் குறிக்க வேண்டும் என்று பார்த்துக் குறிக்க வேண்டும், ப்ரவுசிங் சென்டர்காரர் போக்கில் விட்டுவிடக் கூடாது.